அம்மன் வாளை அளக்கப் போன நாள்

காலை ஐந்தரை. விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டு. திண்டிவனம் வண்டியில ஜன்னல் ஓரம் இடம் கிடைச்சது. டிக்கெட் நாற்பது ரூபாய். தூரமும் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர்தான்.

கையில ஒரு பை, சுருட்டின பழுப்புக் காகிதம் ஒண்ணு. பையில டேப்பு, தடிமன் அளக்கிற வெர்னியர், மீன் நிறுக்கிற கொக்கித் தராசு. கண்டக்டர் காகிதத்தைப் பாத்தார்.

"இன்னாண்ணா, கட்சி போஸ்டரா?"

"வெறும் பேப்பர்."

"வெறும் பேப்பருக்கா கொழந்த மாதிரி மடியில எடம் குடுத்துக்கினு வர்றீங்க?"

சொன்னா நீளும். சிரிச்சுட்டு விட்டுட்டேன்.

இங்கே சொல்றேன். எனக்கு விழுப்புரத்துல வெல்டிங் பட்டறை. கேட், கிரில் செய்யறது சோத்துக்கு. பழைய காலத்து வாளைப் பாத்து அதே மாதிரி செய்யறது எனக்கு. லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடிச்சு, தேய்ச்சு, பித்தளைப் பிடி போடுவேன். கூர் வைக்கிறதில்லை. சிலதைக் கூத்துக்காரங்க வாங்குவாங்க. மீதி வீட்டுச் சுவத்துல தொங்குது. ஒவ்வொண்ணுக்கும் அசல் எங்கியாவது ஒரு மியூசியத்துல கண்ணாடிக்குள்ள இருக்கு. போய்ப் பாத்துட்டு வந்துதான் கை வைப்பேன்.

ஒண்ணை மட்டும் பாக்காம செஞ்சேன்.

மரக்காணம் தாண்டி ஒரு மீனவக் குப்பம். அங்க அம்மன் கோயில்ல செஞ்சிக் கோட்டை காலத்து வாள்னு ஒண்ணு இருந்துச்சு. மாசிமகத்துக்கு அம்மன் கடலுக்குப் போறப்ப, முன்னால அதை ஏந்திக்கினு போவாங்க. துரு ஏறி நடுவுல வெடிப்பு விட்டுடுச்சு, ஊர்வலத்துக்குப் புதுசு வேணும்னு ஊர்த் தலைவர் போன் பண்ணார். அவரை நாட்டார்னு கூப்பிடுவாங்க. படம் மூணு அனுப்பினார். வாள் இருக்கிற பெட்டியை மாசிமகத்துக்கு மொத நாள்தான் திறப்பாங்க, மறுநாள் மூடிடுவாங்க. அந்த வருஷம் மூடியாச்சு. படத்தை வச்சே செஞ்சு லாரியில அனுப்பினேன். மூணு வருஷம் ஆகுது.

படத்துல நீளம் தெரியும். அகலம் தெரியும். கனம் தெரியாது. வாளைக் குறுக்கால ஒரு விரல் மேல வச்சா எந்த இடத்துல சாயாம நிக்கும்னு தெரியாது. அது தெரியலன்னா வாள் வாளா இருக்காது. நான் குத்துமதிப்பா செஞ்சது கடப்பாரை மாதிரி இருந்துச்சு. அனுப்பறப்பவே தெரியும்.

அசலை ஒரு தடவை கையில எடுத்து அளந்துட்டா, சரியா ஒண்ணு செஞ்சு குடுத்து, தப்பைத் திருப்பி வாங்கிடலாம். அதுக்குத்தான் இந்தப் பயணம், மேல வச்சு அச்சு வரையத்தான் அந்தக் காகிதம். அடுத்த மாசிமகத்துக்கே கிளம்ப இருந்தேன். கண்ணுல பொறி பட்டு ஆஸ்பத்திரியில படுத்துட்டேன். அதுக்கு அடுத்ததுக்கு மச்சான் சாவு. இந்த வருஷம்தான் முடிஞ்சுது.

ஏழு மணி. திண்டிவனம். ரெண்டு இட்லி, ஒரு டீ. முப்பத்திரண்டு ரூபாய். மரக்காணம் பஸ் ஏழே காலுக்கு எடுத்தான். முப்பத்தைந்து கிலோமீட்டர். பக்கத்துல ஒரு அம்மா, காலுக்கடியில மல்லாட்டை மூட்டை, வேர்க்கடலைதான். திருவிழாவுல வறுத்து விக்கப் போறாங்க.

"தீர்த்தவாரி நாளைக்காச்சே. இன்னைக்கே போறியே?"

"அம்மன் கத்தியைப் பாக்கணும்."

"போன வருசம் பாத்தேன். பளபளன்னு இருந்துச்சு."

"அது புதுசு. நான் பழசைப் பாக்கப் போறேன்."

"நல்லா இருக்கிறதை விட்டுட்டு துருவைப் பாக்க பஸ் ஏறினவன் நீதான்" என்றாங்க. ஒரு கை மல்லாட்டை குடுத்தாங்க.

பெருமுக்கல் மலை வலது பக்கமா இடது பக்கமா போச்சுன்னு கூட நான் பாக்கலை. மனசெல்லாம் அந்தப் பெட்டி மேல. மரக்காணம் வந்ததும் உப்பளம். வெள்ளையா குவிச்சு வச்சிருந்தாங்க. ஷேர் ஆட்டோவுக்கு முப்பது ரூபாய்.

ஒன்பது மணி. நாட்டார் கோயில் வாசல்லயே நின்னார். அறுபது வயசு இருக்கும். என் கையைப் பிடிச்சுக்கினு ஆளுங்க கிட்ட போனார்.

"இவுருதாம்பா நம்ம கத்தி செஞ்சவரு."

துண்டு போத்தினாங்க. தேங்காய் பழம் குடுத்தாங்க. பந்தக்கால் கிட்ட நாற்காலி போட்டாங்க. பத்து மணிக்குப் பூசாரி பெட்டியைத் திறந்தார். சிவப்புத் துணிக்குள்ள நான் செஞ்ச வாள். சந்தனம், குங்குமம். பெட்டியில வேற எதுவும் இல்லை.

"பழசு எங்க நாட்டாரே?"

"அது அப்பவே போயிடுச்சுங்களே."

"எங்க?"

"கடலுக்குத்தான். ஒடஞ்சதை வச்சிக்கக் கூடாது. ஒரு அம்மாளுக்கு ரெண்டு கத்தியும் ஆவாது. நீங்க அனுப்பினீங்க இல்ல, அதுக்கு அடுத்த மாசிமகம். பட்டு சுத்தி, பூ போட்டு, கற்பூரம் காட்டி, படகுல எடுத்துக்கினு போய் எறக்கிட்டோம். மரியாதையாத்தான் செஞ்சோம்."

"கத்தி பாக்க வர்றேன்னு போன்ல சொன்னேனே."

"நீங்க செஞ்சதைப் பாக்க வர்றீங்கன்னு நெனச்சோம்."

நான் ஆஸ்பத்திரியில படுத்திருந்த வருஷம். அன்னைக்குக் காலையில அது இந்தப் பெட்டியிலதான் இருந்திருக்கு.

என் வாளைத் தராசுல மாட்டினேன். ரெண்டே முக்கால் கிலோ. விரல்ல வச்சேன். நுனிப்பக்கம் சாஞ்சுது.

ஊர்வலத்துல வாள் ஏந்தறவர் பேரு சேகர். பழசு எவ்ளோ கனம்னு கேட்டேன்.

"இதுல பாதி இருக்கும்ணா."

பின்னால ஒருத்தர், "நீ தண்ணி போட்டுக்கினு தூக்கின. உனக்கு அம்மனே பாதி கனம்தான்" என்றார். எல்லாரும் சிரிச்சாங்க. அவரே என் பக்கம் திரும்பி, "இதே கனம்தாங்க, நானும் தூக்கியிருக்கேன்."

"பிடிப்பக்கம் கனமா, நுனிப்பக்கமா?"

"நுனி" என்றார் ஒருத்தர். "பிடிதான்டா" என்றார் இன்னொருத்தர். சேகர் ஒரு மூங்கிலை எடுத்து, கண்ணை மூடி, கையைத் தூக்கி இறக்கிப் பாத்தார். ரெண்டு தடவை செஞ்சார். ரெண்டும் வேற வேற மாதிரி இருந்துச்சு. மூங்கிலைக் கீழே போட்டுட்டார்.

"ஞாபகம் இல்லண்ணா."

நாட்டார் கிட்ட கேட்டேன். "இதையாவது குடுங்க. தேய்ச்சு கனத்தைக் குறைச்சுட்டுத் தர்றேன். இது தப்பா இருக்குங்க."

"பூசை வாங்கினதை கிரைண்டர்ல வைக்கக் கூடாதுங்க. அம்மாளே ஏத்துக்கினா. இதுல இன்னா தப்பு?"

தராசை எடுத்துப் பையில போட்டேன்.

கரைக்குப் போனேன். சேகரும் வந்தார். எந்த இடம்னு கேட்டதுக்குக் கையை நீட்டினார். அந்த இடத்துலயும் மத்த இடம் மாதிரி தண்ணிதான் இருந்துச்சு. அடியில சேறு, இரும்பைத் தின்னுடும் என்றார். வலை போட்டுத் தேடலாமான்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு. சாமிக்குக் குடுத்ததை எடுக்கக் கேக்கறதா. கேக்கலை.

சாப்பிட்டுட்டுப் போகச் சொன்னாங்க. திருவிழா நாள், கோயில்ல பொங்கலும் கத்திரிக்காய் கொத்சும். இலையில வச்சதைச் சாப்பிட்டேன். ருசி சொல்லத் தெரியலை.

ரெண்டு மணி. ஆட்டோவுக்கு நிக்கறப்ப பக்கத்துக் குப்பத்துக்காரர் ஒருத்தர் வந்தார்.

"எங்க கோயிலுக்கும் ஒண்ணு வேணுங்க. அச்சு அசலா இதே மாதிரி."

"வேற மாதிரி, லேசா செஞ்சு தர்றேன்."

"வேணாம். பழங்காலத்துது இப்படித்தானே இருந்துச்சு? இதே மாதிரிதான் வேணும்."

நம்பர் வாங்கிக்கினு போனார். மரக்காணத்துல பஸ் ஏறினேன். எதிர்ல வந்த வண்டியில எல்லாம் நிக்க இடம் இல்லாத கூட்டம், கடலைப் பாத்து வந்து இறங்கற கூட்டம். திரும்பிப் போற வண்டி காலியா இருந்துச்சு.

எங்க வீட்டுச் சுவத்துல இருக்கிற வாள் ஒவ்வொண்ணுலயும் ஒரு தப்பு உண்டு. ஒண்ணுல வளைவு. ஒண்ணுல பிடி. அதெல்லாம் எனக்குத் தொந்தரவு இல்லை. ரயிலேறி மெட்ராஸ் போய் மியூசியக் கண்ணாடி முன்னால நின்னா எவ்ளோ தப்புன்னு தெரிஞ்சிடும். அந்தக் குப்பத்து வாளுக்கு எங்க போய் நிக்கறது? ஊரே அதைத்தான் கும்பிடுது. இன்னும் பத்து வருஷம் போனா, பழசு இப்படி இல்லைன்னு சொல்ல அந்த ஊர்ல ஆள் இருக்காது. நான் சொன்னா எடுபடாது. நானே அதைப் பாக்கலையே.

சாயங்காலம் ஆறு மணிக்கு வீடு. பொண்டாட்டி குழாயடியில குடம் வச்சிக்கினு நின்னா.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"நான் செஞ்சது மாதிரியேதான் இருந்துச்சு."

"அப்ப பரவாயில்லையே" என்றாள். குடத்தைத் தூக்கி இடுப்புல வச்சிக்கினு உள்ளே போனா.