ஆட்டுத் தடம் இல்லாத கிரகம்

நீங்கள் நம்ப வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. நம்பாவிட்டாலும் நடந்தது நடந்ததுதான். அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். என் கண்ணால் பார்த்தேன், என் காலால் நடந்தேன். இதில் ஒரு வரிகூட நானாகச் சேர்த்தது இல்லை.

போன தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

என் அண்ணன் அறிவழகன் யூடியூப்பில் போடுவதற்காக ஒரு குறும்படம் எடுத்தான். மூன்று பேர் வேறொரு கிரகத்தில் இறங்குகிறார்கள். அங்கே காற்று கிடையாது. தண்ணீர் விஷம். தரை ஆளை விழுங்கும். மூன்று பேரும் பிரிந்துபோய், கடைசியில் ஒருவரை ஒருவர் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். அவ்வளவுதான் கதை.

கிரகத்தைத் தேடி நாங்கள் அலையவில்லை. அரியலூர்ப் பக்கம், எங்கள் ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் ஒரு பழைய மைன்ஸ் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்துவிட்டு அப்படியே விட்டுப்போன பள்ளம். உள்ளே ஒரு பனைமரத்தை நட்டால் தலை வெளியே தெரியாது. சுவரெல்லாம் மஞ்சளும் சாம்பலுமாக வரிவரியாக இருக்கும். கல்லுக்குள் நத்தையும் சிப்பியும் கல்லாகவே கிடக்கும். அடியில் ஒரு மூலையில் பச்சைத் தண்ணீர். மற்ற இடமெல்லாம் வெள்ளைத் தரை.

அது உண்மையில் தரை இல்லை. கல் கழுவிய சேறு தங்கிக் காய்ந்தது. மேலே அப்பளம் மாதிரி இருக்கும், உள்ளே கூழ். எங்கே கெட்டி, எங்கே கூழ் என்று நம் கண்ணுக்குத் தெரியாது. ஆட்டுக்குத் தெரியும். தண்ணீர் குடிக்க அது தினமும் ஒரே வழியில்தான் போகும். அதனால் எங்கள் ஊரில் யார் பள்ளத்தில் இறங்கினாலும் ஆட்டுத் தடத்தில்தான் கால் வைப்பார்கள். குளம்படியும் புழுக்கையும் கிடந்தால் நல்ல இடம். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அண்ணனுக்கும் தெரியும்.

உடுப்பு மூன்றும் நான் தைத்தவை. சிமெண்ட் சாக்கின் மேல் வெள்ளி நிறத் தாளை ஒட்டி, வீட்டு மிஷினிலேயே ஓட்டினேன். அண்ணனுடையதில் மட்டும் தாள் போதவில்லை. இடது கை நாலு விரற்கடை குட்டையாகிவிட்டது.

"வுடு பாப்பா. அங்க வாட்ச் கட்டிக்கறேன். வேற கெரகத்துலயும் மணி பாக்கணும்ல" என்றான்.

தலைக்குக் கறுப்புக் கண்ணாடி வைத்த பைக் ஹெல்மெட்.

மூன்றாவதாக நடிக்க வேண்டிய பையன் அன்றைக்கு வரவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தான்.

"நீ போட்டுக்க."

"எனக்கு வராதுண்ணா."

"மூஞ்சி தெரியாது. பேச வேணாம். உனக்குன்னே எழுதுன வேஷம்."

நான் எட்டாவதோடு நின்றவள். நாலு பேர் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. ஆனால் அந்த ஹெல்மெட்டுக்குள் யாரும் என்னைப் பார்க்க முடியாது. உண்மையைச் சொன்னால், அன்றைக்குப் போல நான் கைவீசி நடந்ததே இல்லை.

வரதராசன்பேட்டை டோமினிக் அண்ணன்தான் கேமரா. கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவர். முதலாளியின் கேமராவை ராத்திரிக்குள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அவர் மேட்டில் நின்றுகொண்டார். அண்ணன், அவன் கூட்டாளி முத்துசாமி அண்ணன், நான், மூன்று பேரும் உள்ளே இறங்கினோம்.

மாலை நாலரை மணிக்கு அண்ணன் கேமராவில் எடுத்ததைப் பார்த்தான். முகம் சுருங்கியது. தரை முழுக்கக் குளம்படி.

இரண்டு விளக்குமாறு கொண்டுவந்திருந்தான். பெருக்க ஆரம்பித்தான்.

"டேய், தடத்த அழிச்சிட்டு எப்புடிடா திரும்பறது?" என்றார் முத்துசாமி அண்ணன்.

"வேற கெரகத்துல ஆட்டுப்புழுக்க கெடக்குமாடா?"

"கெடந்தாதான் என்ன, அங்க ஒரு ஆடு இருக்குன்னு கதைய மாத்து."

நாங்கள் சிரித்தோம். அண்ணனும் சிரித்தான். பெருக்குவதை மட்டும் நிறுத்தவில்லை.

"வழி எனக்கு மனப்பாடம்டா. வா, புடி."

தரை சுத்தமாகிவிட்டது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மனிதக் கால் படாத இடம் மாதிரி.

கடைசிக் காட்சி. மூன்று பேரும் மூன்று பக்கத்திலிருந்து நடந்துவந்து நடுவில் சந்திக்க வேண்டும். அண்ணனே என்னைக் கூட்டிப்போய் மேற்கே ஒரு மண்குவியலுக்குப் பின்னால் நிறுத்தினான்.

"டோமினிக் விசில் அடிப்பான். அதுக்கு அப்பறம் வா. அதுவரைக்கும் அசையாத."

எங்கள் தடங்களையும் பெருக்கிக்கொண்டே போனான். அவன் தண்ணீர்ப் பக்கம். முத்துசாமி அண்ணன் அவனுக்கு எதிரே, சுவரோரக் கல் திட்டின் பக்கம்.

நான் காத்திருந்தேன்.

ஹெல்மெட்டுக்குள் என் மூச்சு மட்டும் கேட்டது. வெயில் சுவரில் ஏறிக்கொண்டே போனது. பள்ளத்துக்குள் சீக்கிரம் இருட்டிவிடும்.

'ளப்...' என்று ஒரு சத்தம்.

பெரிய சத்தம் இல்லை. களியில் கரண்டி விழுந்தது போல. பிறகு தூரத்தில் யாரோ கத்தியது போல இருந்தது. நடிப்பு என்று நினைத்தேன்.

விசில் வரவில்லை.

ஆறு மணி இருக்கும். எனக்கு அழுகை வந்தது. ஓரடி எடுத்து வைத்தேன். தரை நடுங்கியது. காலைப் பின்னால் எடுத்துக்கொண்டேன்.

எந்தப் பக்கம் வந்தோம்? எங்கே பார்த்தாலும் ஒரே வெள்ளை.

"அண்ணா" என்றேன். குரல் ஹெல்மெட்டைத் தாண்டவில்லை.

நிமிர்ந்தபோது அவன் நின்றுகொண்டிருந்தான்.

இருபதடி தூரத்தில். உடுப்பெல்லாம் வெள்ளைச் சேறு. ஹெல்மெட்டும் முழுக்கச் சேறு. கண்ணாடி இருக்கும் இடமே தெரியவில்லை. ஆனால் இடது கை குட்டை. அங்கே வாட்ச். அண்ணன்தான்.

"எங்கண்ணா போன?"

கையை மட்டும் அசைத்தான். வா.

நடந்தான். நான் பின்னால் போனேன்.

அவன் கால் வைத்த இடத்திலேயே வைத்தேன். நேராகப் போகவில்லை. வளைந்தான். நின்றான். மறுபடி வளைந்தான். ஆடு போவது போலவே.

"முத்தண்ணன் எங்க?"

அவன் நடந்துகொண்டே இருந்தான்.

ஒரு இடத்தில் நான் கொஞ்சம் விலகினேன். முழங்கால் வரை உள்ளே போனது... பயந்துபோய்க் காலைப் பிடுங்கினேன். அவன் நின்றான். திரும்பவில்லை. நான் வெளியே வரும் வரை அப்படியே நின்றான்.

அப்போதுதான் ஒன்று தெரிந்தது.

என் காலடிச் சத்தம் கேட்டது.

அவனுடையது கேட்கவில்லை.

அவன் உடுப்பிலிருந்து சேறு வழிந்துகொண்டே இருந்தது...

தரையில் ஒரு சொட்டுகூட விழவில்லை.

அவன் முதுகையே பார்த்தபடி நடந்தேன்.

மேட்டுக்கு ஏறும் லாரிப் பாதை வந்தது. கல் தரை. அவன் ஒதுங்கி நின்றான். மேலே கை காட்டினான்.

ஏறினேன்.

மேலே ஹெல்மெட்டைக் கழற்றினேன். கீழே தண்ணீர்ப் பக்கத்துக் கல் திட்டில் கத்தல் கேட்டது. சுவரோரமாக இறங்கி ஓடினேன். டோமினிக் அண்ணனும் முத்துசாமி அண்ணனும் அங்கே இருந்தார்கள். ஒரு வேட்டியை முறுக்கிக் கீழே வெள்ளைச் சேற்றுக்குள் விட்டிருந்தார்கள். அந்த முனையைப் பிடிக்க யாரும் இல்லை.

"அறிவு... டேய் அறிவு..."

"அண்ணன் என்ன கூட்டியாந்துட்டான். பின்னாடி வரான்" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன்.

பாதை காலியாக இருந்தது.

முத்துசாமி அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். "கண்ணு முன்னாடி போயிட்டான் பாப்பா. அர மணி நேரமாச்சு. 'பாப்பா அங்க நிக்குது, பாப்பா அங்க நிக்குது'ன்னு சொல்லிக்கிட்டே..."

தீயணைப்பு வண்டி வந்து அவனை எடுக்கும்போது இரவு பத்தரை. உடம்பெல்லாம், ஹெல்மெட் எல்லாம் வெள்ளைச் சேறு. நான் எந்தக் கோலத்தில் பார்த்தேனோ அதே கோலம்.

டோமினிக் அண்ணன் அந்தப் படத்தை அழித்துவிட்டார். யாரும் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்ததை அந்த இரண்டு பேரிடம் மட்டும் சொன்னேன். பயத்தில் உனக்கு அப்படித் தோன்றியிருக்கும் என்றார்கள். நானும் சரி என்று விட்டுவிட்டேன். அம்மாவிடம் மூச்சுகூட விடவில்லை. எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். இப்போது அம்மாவும் நானும்.

முப்பதாம் நாள் படையல் முடிந்து எல்லோரும் போன பிறகு அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு அவன் வூட்டுக்கு வந்தான் பாப்பா."

நான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன்.

"வெளக்கு வெக்கிற நேரம். ஒல கொதிச்சிக்கிட்டு இருந்துச்சு. கொல்லப்பக்கம் வந்து நின்னான். நீ தெச்ச உடுப்பு, சேறும் சகதியுமா. 'பாப்பா மேல ஏறிட்டாம்மா. எனக்கு சோறு வெக்காத'ன்னான். மொதல்ல தலையில இருக்கறதக் கழட்டிட்டுப் பேசுடான்னு ஏசுனேன். அப்புடியே திரும்பிட்டான்."

அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"கோவத்துல நானும் அரிசிய ரெண்டு பேருக்குத்தான் போட்டேன் பாப்பா."