அம்சவல்லி போடாத ஊசி

அம்சவல்லிக்கு வாய் கொஞ்சம் நீளம். நல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, விருத்தாசலத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருக்கிறாள். ஆபரேஷனுக்கு முன்னால் என்ன மாத்திரை, என்ன ஊசி, என்ன சாப்பிட்டீர்கள் என்று குடைந்து எடுத்துவிடுவாள். போலீஸே தேவலாம் என்று கூட வேலை செய்கிற நாங்கள் கிண்டல் செய்வோம்.

அன்று பீங்கான் பட்டறையிலிருந்து திலீபனைத் தூக்கி வந்தார்கள். களிமண் பிசையும் மெஷின் வலது கையை மணிக்கட்டுவரை மென்றிருந்தது. சுற்றியிருந்த துண்டிலிருந்து ரத்தம் தரையெல்லாம் சொட்டியது. டாக்டர் தியேட்டரில் ஒரு பிரசவ ஆபரேஷனில் இருந்தார்.

"வலி ஊசியப் போடும்மா!" என்று கத்தினான் திலீபனின் அண்ணன் சாமிதுரை.

அம்சவல்லி திலீபனின் இமையைத் தூக்கிப் பார்த்தாள். கண்மணி கடுகாகச் சுருங்கியிருந்தது. தோளில் புது ஊசித் தடம்.

"வெளியில ஏதாவது ஊசி போட்டீங்களா?"

"இல்லன்னு சொல்றேன்ல!"

"என்ன மருந்துன்னு தெரியாம மேல போட்டா மூச்சு நின்னுடுங்க."

விட்டான் சாமிதுரை ஒரு அறை, காதோடு சேர்த்து. மருந்து டிராலியோடு அவள் சரிந்தாள், குப்பிகள் நொறுங்கின. முடியைப் பிடித்துத் தூக்கி இன்னொன்று விட்டான். தடுக்கப்போன என்னை டிரிப்ஸ் ஸ்டாண்டால் அடித்தான். தம்பி மேல் பாசமாம், பாவிக்கு.

அதுவரை அலறிக்கொண்டிருந்த திலீபன் திடீரென்று அடங்கினான். "அப்பாடா, வலி விட்டுடுச்சு," என்றான் சாமிதுரை.

அம்சவல்லி எழுந்து ஓடினாள். திலீபனின் உதடு நீலம் பாரித்திருந்தது, நெஞ்சு ஏறவில்லை. "மூச்சு நின்னுபோச்சு! இன்னா ஊசி, சொல்லுங்க!"

திலீபனின் மனைவி தென்றல் மடியிலிருந்து காலிக் குப்பியை எடுத்து நீட்டினாள். "மெடிக்கல் வச்சிருக்கிற எங்க மாமா ரெண்டு ஊசி போட்டாருங்க. சொன்னா கடையை மூடிடுவாங்கன்னு..."

நான் டாக்டரைக் கூப்பிட ஓடினேன். மாஸ்கை முகத்தில் அழுத்திப் பிடிக்க அம்சவல்லிக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. அதோடு சேர்ந்த காற்றுப் பையை அமுக்க வேறு ஆள் இல்லை.

"வாங்க இங்க," என்றாள் சாமிதுரையிடம், வாயில் ரத்தத்தோடு. "அமுக்குங்க. மெதுவா. விடுங்க. மறுபடி அமுக்குங்க."

அவளை அடித்த கை தம்பிக்கு மூச்சு கொடுத்தது.

தையலை முடித்த கையோடு டாக்டர் ஓடி வந்து அந்த ஊசிக்கு முறிவு மருந்தை ஏற்றினார். திலீபன் இருமினான், பிறகு முன்னைவிடப் பலமாக அலறினான். அந்த அலறலைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

விரல்கள் போயின, ஆள் பிழைத்தான். சாமிதுரை பழத்தோடு வந்து அம்சவல்லியின் காலில் விழுந்தான். "அடிச்சதுக்குக் குடுத்த கேஸை வாபஸ் வாங்கிக்கம்மா, தங்கச்சி."

"உங்க தம்பி பொழைச்சது சந்தோஷங்க. கேஸு இருக்கட்டும்," என்றாள்.

அவளுக்கு இடது காது இப்போது கேட்பதில்லை. மயக்கம் தெளியாதவர்களின் மூச்சைக் கேட்க, சுற்றிப் போய் வலது காதை வைத்துக் குனிகிறாள்.