பளீலின் கடைசிக் கார்

போர்ட்டிகோவிலிருந்து 'உஸ்ஸ்' என்று அந்தச் சத்தம் வந்தபோது, உள்ளறையில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்த ஜஹானாவின் விரல்கள் அப்படியே நின்றன. கார் ஏசிக்கு அடித்த கேஸ் ஏதோ ஒரு மூட்டில் கசிந்து வீணாகிறது. எத்தனை வருடம் கேட்ட சத்தம்! அவளுக்குத் தெரியாதா?

அக்குறணையின் மேட்டிலிருந்த அந்த வீட்டுப் போர்ட்டிகோதான் அவள் கணவன் பளீலின் கராஜ். மாரடைப்பு வந்து அவன் மௌத்தாகி, அவள் இன்னும் இத்தாவில் இருந்தாள். புருஷனை இழந்தவள் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்க வேண்டிய காலம் அது. குரல்கூட வாசல் தாண்டக் கூடாது என்பது மாமியார் அனீஸாவின் கண்டிப்பு. ஜஹானாவும் தாண்டவிட்டதில்லை.

கல்யாணமான புதிதில் பளீல் என்ஜினுக்கு மேல் குனிந்து நிற்பான். அவள் டிரைவர் சீட்டில் அமர்ந்து எக்ஸிலேட்டரை மெல்ல மிதித்தபடி, குளிர் வருகிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

"ஊரெல்லாம் பொண்டாட்டிய நுவரெலியாக்குக் கூட்டிக்கிட்டுப் போற. நீங்க போர்ட்டிகோவிலயே குளிர் காட்டுற" என்பாள்.

"செலவில்லாத நுவரெலியா புள்ள. ஸ்வெட்டரும் தேவல்ல" என்பான் அவன்.

குழந்தை தவழாத அந்த வீட்டில் அந்தச் சிரிப்புத்தான் நடமாடிக்கொண்டிருந்தது. அதையும் அவனோடு கபன் துணிக்குள் சுற்றிக் கொண்டுபோய்விட்டார்கள்.

இப்போது வெளியே நிற்பது அவன் கடைசியாகத் திறந்த கார். குண்டசாலையில் வாடகைக்கு ஹயர் ஓடும் லெட்சுமணனுடையது. லெட்சுமணனின் மனைவிக்கு நுரையீரலில் சத்திரசிகிச்சை. தூசியும் பஸ் புகையும் பட்டால் மூச்சு முட்டிவிடும், கண்ணாடியை மூடித்தான் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

"அவங்க ஊட்டுக்கு வாற அண்டைக்கு உங்கட கார் குளிரா ஈக்கும். இது என்ட அமானிதம், என்ட பொறுப்பு" என்று பளீல் வாக்குக் கொடுத்ததைக் கதவுக்குப் பின்னால் நின்று ஜஹானாவே கேட்டாள். மறுநாள் விடியுமுன் அவனே இல்லை.

துக்க வீட்டில் போய்க் காரைக் கேட்பதா என்று லெட்சுமணன் இவ்வளவு நாளும் இந்தப் பக்கமே வரவில்லை. இன்று மனைவிக்கு ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்றதும்தான் தயங்கித் தயங்கி வந்திருந்தார். வேறொரு கராஜில் வேலை செய்யும் ஜஹானாவின் தம்பி அர்கம் வேலையை முடிக்க வந்தான். அக்காவின் புண்ணைக் கிளறக் கூடாதென்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமலே கேஸ் அடித்தான். அந்த நல்ல மனசுதான் 'உஸ்ஸ்' என்று காற்றில் போய்க்கொண்டிருந்தது.

"எனக்கு ஏலாண்ணே. எங்க லீக்குண்டே வெளங்குதில்ல" என்றான் அர்கம்.

"விடுங்க தம்பி. ஈரத்துணிய மூஞ்சில கட்டி எப்படியாவது கூட்டிட்டுப் போறேன்." லெட்சுமணனின் குரல் இறங்கியது. "பளீல் நாநா இருந்திருந்தா செஞ்சிருப்பாரு. நம்ம நேரம்."

இருந்திருந்தால்! அந்த ஒரு சொல் ஜஹானாவின் நெஞ்சைக் கீறியது. கொடுத்த வாக்கோடு கபுருக்குள் படுத்திருக்கிறானே அவள் பளீல்!

அவன் வாக்குக் கொடுத்த அன்றைய அந்தி அவளுக்கு நினைவில் வந்தது. மஃரிப் தொழுகைக்குப் பாங்கு கேட்டதும், ரேடியேட்டருக்கு முன்னால் குனிந்திருந்த பளீல் வேலையை நிறுத்தினான். நடுவில் நிறுத்தினால் குழாய்க்குள் ஈரம் இறங்காமலிருக்க, வெடித்த பழைய ரப்பர் வளையத்தையே வைத்துக் கையால் முறுக்கி மூடிவிடுவது அவன் வழக்கம். மறுநாள்தான் புதியது போடுவான். பார்ப்பவர்களுக்கு வேலை முடிந்தது போலத்தான் தெரியும்.

"மாமி, சின்னக் குழாய் மூட்டுல பழைய வளையம் ஈக்கி. தம்பிக்கிட்டச் செல்லுங்க."

அனீஸா போய்ச் சொன்னார். அர்கம் ஒரு மூட்டைக் கழற்றினான்.

"மாமி, இதுல புதுசுதானே ஈக்கி!"

அனீஸா திரும்பி வந்தார். "அவனுக்கும் வெளங்கல்ல, எனக்கும் வெளங்கல்ல. எனக்குத் தெரிஞ்ச குழாய் குசினில மட்டும்தான்."

ஜஹானா மாமியாரின் கைகளைப் பற்றிக்கொண்டாள். "மாமி, இது அவர்ட அமானிதம். மௌத்தானவர்ட தலையில இந்தப் பாரம் வாணாம்."

அனீஸாவின் கண்கள் குளமாயின. பெற்ற வயிறு அல்லவா! திரைச்சீலையை இழுத்து நன்றாக மூடினார்.

"நீயே செல்லு மகள். என்ட புள்ளக்காகச் செல்லு."

திரைக்குப் பின்னாலிருந்து ஜஹானாவின் குரல் எழுந்தது. அதைக் கேட்ட கணமே லெட்சுமணன் வெளிக் கேட்டருகே போய், முதுகைக் காட்டி வீதியைப் பார்த்து நின்றுகொண்டார்.

"அர்கம், ரேடியேட்டருக்கு முன்னால, கீழ் மூல. குனிஞ்சு பாரு."

"ஈக்கி லாத்தா! கையாலயே கழலுது!"

"புது வளையத்துக்கு எண்ண தடவிப் போடு. வெக்குயூம்ல உள்காத்த உறிஞ்சிட்டு மீட்டர் ஊசி நிக்குதாண்டு பாரு. நிக்காமக் கேஸ் அடிக்காத. அவசரப்பட்டுத்தானே அப்ப கேஸ வீணாக்கின."

"ஏசுறதும் மச்சான் மாதிரியேதான்" என்றான் அர்கம். சிரிக்கப் போனவன் சிரிக்காமல் குனிந்தான்.

ஊசி இறங்கியது, இறங்கி அசையாமல் நின்றது. அதன் பிறகே கேஸ் ஏறியது. 'டக்' என்று கொம்பிரசர் பிடித்தது.

"லாத்தா, குளிர் வருது!"

பளீலின் மையித்தை எடுத்த அன்றுகூட வாய்விட்டு அழாதவள், முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு தரையில் சரிந்தாள்.

லெட்சுமணன் வாசற்படிக்கு எட்டவே நின்று, தலை குனிந்தபடி சொன்னார்:

"தங்கச்சி, போயிட்டு வாரேன். நாநா சொன்ன சொல்லக் காப்பாத்திட்டாருன்னு என் சம்சாரத்துக்கிட்ட சொல்றேன்."

அனீஸா வாசலுக்கு வந்து சொன்னார்:

"பாத்துப் போங்க மகன். கண்ணாடியத் தொறக்க வாணாம்."

கார் மேட்டிலிருந்து இறங்கி, மாத்தளை வீதியில் கண்டிப் பக்கம் திரும்பும் வரை பார்த்து நின்ற அனீஸா, மெல்லக் கதவைச் சாத்தினார்.