குரவை கேட்ட ஹெட்போன்

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில்தான் றசாக் காக்காவின் மௌத்துச் செய்தி வந்தது. காற்று இரைச்சலில் பாதி கேட்கவில்லை. இரண்டாம் தடவை சொன்னபோதுதான் பெயர் விளங்கியது. அந்த ஒலிபெருக்கியை வாழ்நாள் முழுக்க ஏசியவர் அவர். "மனுசன்ட குரலத் தகரமாக்கிப் போடுது" என்பார். கடைசியில் அவர் பெயரும் அதில்தான் வந்தது. எத்தனை ஜனாஸா அறிவித்தலை, எத்தனை சாவைத்தான் கேட்பது? எனக்கு அலுத்துவிட்டது. சாரத்தை மாற்றிக்கொண்டு சம்மாந்துறையிலிருந்து கல்முனைக்குடிக்குப் பஸ் ஏறினேன்.

கல்முனைக்குடியில் அவருடைய ஒலிப்பதிவுக் கடைக்கு ஹெட்போன் வாங்கப் போய், ஏச்சு வாங்கித் திரும்பியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். விலையைக் கேட்டால் பதில் வராது. "என்ன கேக்கப் போறீங்க? அதச் சொல்லுங்க முதல்ல" என்பார். காதை இறுக மூடும் ஜப்பான் ஹெட்போனில் றபான் மேளத்தின் அடி நெஞ்சில் விழும். அதிலேயே குர்ஆன் கிறாஅத் கேட்டால், ஓதுகிறவர் பீப்பாவுக்குள் இருப்பது போலிருக்கும். காற்றுப் போகிற ஜெர்மன் ஹெட்போனில் ஓதுகிறவர் மூச்செடுப்பதுகூடக் கேட்கும், வயலினும் நன்றாயிருக்கும், றபான்தான் சோர்ந்துபோகும். "எல்லாத்துக்கும் ஒண்டு தாங்க எண்டு கேக்காதீங்க. அப்பிடி ஒண்டு இல்ல" என்று முடித்துவிடுவார்.

நான் கல்யாண வீடுகளில் றபான் அடித்துப் பைத் பாட்டுப் பாடியவன். அவர் அதைப் பதிவு செய்தவர். சுனாமியில் அவர் மனைவி சுலைஹா ராத்தா போனார். வீடு, கடை, படங்கள், பதிவுகள் எல்லாம் போயின. மிஞ்சியது ஒரு கல்யாணக் கசட். என் பாட்டைக் கேட்கவென்று நான் வாங்கிப் போயிருந்ததால் அது தப்பியது. மாப்பிள்ளை வந்திறங்கும்போது பெண்கள் கூடி நாக்கைச் சுழற்றிக் குரவையிடுவது அதில் இருந்தது. ராத்தா குரவைக்குப் பேர்போனவர். அந்தக் கல்யாணத்துக்கும் வந்திருந்தார். அந்தக் கூட்டத்துக்குள் அவர் குரலும் இருக்கிறது, நல்ல ஹெட்போன் கிடைத்தால் பிரித்துக் கேட்கலாம் என்று காக்கா நம்பினார். கடையைத் திரும்பப் போட்டதும் இந்த ஆராய்ச்சியெல்லாம் தொடங்கியதும் அதற்காகத்தான். ஊர் அவரை ஹெட்போன் பைத்தியம் என்றது.

கத்தாரிலிருந்து அவருடைய மருமகன் ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒன்று கொண்டுவருவார். சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடியில் வயரைக் கண்டதும் குண்டு என்று எங்களைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுவார்கள். ஒரு தடவை அப்படி இறக்கிய சிப்பாய்க்குக் காக்கா அரைகுறைச் சிங்களத்தில் விளக்கி, வாக்மனில் பாட்டைப் போட்டு அவன் காதிலேயே மாட்டிவிட்டார். அவன் கழற்றவில்லை. பஸ் போய்விட்டது. "போகட்டும் தம்பி, கேக்கத் தெரிஞ்ச பொடியன்" என்றார். வெயிலில் நடந்து என் கால்கள்தான் ஓய்ந்தன.

சண்டை முடிந்தபின் வந்த ஹெட்போன்தான் எல்லாவற்றிலும் விலை கூடியது. பகல் லுஹர் தொழுதுவிட்டு இருவரும் கடையில் இருந்தோம். கசட்டைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு பெயர் பெயராகச் சொன்னார். "இது உம்முகுல்தும். இது அவட மகள். இது பக்கத்து வளவு மச்சி..." திரும்பச் சுற்றினார். மறுபடியும் சுற்றினார். பிறகு ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார்.

"அவ இதில இல்ல தம்பி."

"வடிவாக் கேளுங்க காக்கா."

"கேட்டன். நாந்தான் தள்ளிப் போகச் சொன்ன. இப்பதான் ஞாபகம் வருது. அவட குரவைக்கு பதிவு மெசின்ட மீற்றர் ஊசி சிவப்புக்கு ஏறிரும். பதிவு பழுதாப் போகும் எண்டு குசினிப் பக்கம் அனுப்பிட்டன்."

எழுந்துபோய் இரண்டு பிளேன்ரீ வாங்கி வந்தேன். அவர் குடிக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்துப் போனேன். கல்முனைச் சந்தையில் வாங்கிய, பஞ்சு உதிர்ந்த மலிவு ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதே கசட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். விலை கூடியது பெட்டிக்குள் கிடந்தது. என்ன இது என்று கேட்டேன்.

"அதில ஆள் ஆளாப் பிரிஞ்சு கேக்குது. இதில எல்லாம் ஒண்டாக் கலந்து கேக்குது. கலந்து கேக்கக்குள்ள அவவும் நிக்கிறா."

நல்லடக்கம் முடிந்ததும் மருமகன் ஹெட்போன்களை என் முன்னால் வைத்து, விரும்பியதை எடுக்கச் சொன்னார். பஞ்சு உதிர்ந்ததைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கசட்டும் மறுபடி என் வீட்டில்தான் இருக்கிறது. நேற்று மாட்டிக் கேட்டேன். முதலில் என் பைத், பிறகு குரவை. யார் யாருடைய குரல் என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. ராத்தா நிற்கிறார் என்றே வைத்துக்கொண்டேன்.