நாகரசம்பட்டியில் ஒரு நடுச்சுவர்

காலை 6.40. ஓசூர் பேருந்து நிலையத்தில் நானும் என் வகுப்புத் தோழி திவ்யாவும் கிருஷ்ணகிரி பஸ் ஏறினோம். கட்டிடக்கலை இரண்டாம் ஆண்டு மாணவர்கள் நாங்கள். கான்கிரீட் தூணே இல்லாமல் சுவர்களே கூரையைச் சுமக்கும் வீடு ஒன்றை அளந்து வரைந்துவர வேண்டும். திவ்யாவின் அக்காவோடு போச்சம்பள்ளித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் செல்வி, "எங்க வீட்டுக்கு வாங்க, முச்சூடும் கல்லுதான்" என்று அழைத்திருந்தார்.

ஐம்பது கிலோமீட்டர் தாண்டி, 8.15க்குக் கிருஷ்ணகிரி. டீ பன்னிரண்டு ரூபாய். நாகரசம்பட்டி டவுன் பஸ்ஸில் திவ்யாவுக்கு இலவசச் சீட்டு, எனக்கு மட்டும் காசு. வழியெல்லாம் அதைச் சொல்லியே சிரித்துக்கொண்டு வந்தாள்.

9.30. மாந்தோப்பை ஒட்டி வீடு. உள்ளே ஒருவர் சம்மட்டியோடு நின்றார்.

"நல்ல நேரத்துக்கு வந்தீங்க" என்றார் செல்வி. "ஞாயித்துக்கிழம பாப்பாவுக்குக் காது குத்தறோம். கம்பெனில இருந்தே நாப்பது பேரு வராங்க. இந்த நடுச்செவுர எடுத்துட்டா ஹாலு பெருசாயிடும்ங்க."

சம்மட்டிக்காரர் பசப்பா, கர்நாடகப் பக்கத்து ஆள். தமிழ் அரைகுறை.

நான் அண்ணாந்து பார்த்தேன். கூரை முழுக்க நீளமான கற்பலகைகள். இரு பக்கச் சுவர்களிலிருந்தும் வந்த பலகைகள் நடுச்சுவரின் மேல்தான் முடிந்தன. அதை எடுத்தால் அத்தனையும் தலையில் விழும். ஆனால் போன மாதம்தான் இந்தப் பாடத்தைப் படித்தவன், விருந்தாளியாக வந்த வீட்டில் எப்படிச் சொல்வது?

பசப்பா சம்மட்டியை ஓங்கினார்.

"திவ்யா, மேல பாரு!" என்றேன்.

பார்த்தாள். "நில்லிஸி! நில்லிஸி!" என்று கன்னடத்தில் கத்தினாள். சம்மட்டி அந்தரத்தில் நின்றது.

செல்வியின் முகம் சுருங்கியது. "ஒண்ணும் ஆவாதுன்னு இவர அனுப்புன மேஸ்திரி சொன்னாரே?"

திவ்யா மூன்று டம்ளர்களை வரிசையாக வைத்து, இரண்டு நோட்டுப் புத்தகங்களை நடு டம்ளரின் மேல் முனைகள் சேரும்படி பரப்பினாள். நடு டம்ளரை உருவினாள். நோட்டுகள் சரிந்தன. முதலில் சிரித்தவர் பசப்பாதான். சம்மட்டியை வெளியே கொண்டுபோய்ச் சாத்திவிட்டு வந்தார். எங்கள் ஆசிரியருக்குப் படம் அனுப்பினோம். "தொடவே கூடாது. மாற்றியே ஆகவேண்டுமென்றால் பொறியாளரை நேரில் வரச் சொல்லுங்கள்" என்றார்.

செல்வி கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு வெளியே கையைக் காட்டினார். "தோப்புல பந்தலப் போட்டுக்கறோம். நாப்பது என்ன, நானூறு பேரு வரட்டும்!"

மூன்று மணிவரை அளந்தோம். டேப்பின் மறுமுனையைப் பசப்பா பிடித்தார். நடுச்சுவர் ஒன்றரை அடி கனம். ஓசூரில் என் விடுதி அறைச் சுவர் அதில் பாதிகூட இல்லை. அங்கே பாரமெல்லாம் தூண்களுக்கு, சுவர் வெறும் மறைப்பு. எந்தச் சுவர் எதைத் தாங்குகிறது என்று அதுவரை நான் அண்ணாந்து பார்த்ததே இல்லை.

பஸ் நிறுத்தம் வரை செல்வி கூடவே வந்தார். "இன்னொரு ரூமு கட்டணும், நீங்களே பிளான் போட்டுக் குடுங்க."

"நாங்க படிச்சு முடிக்க இன்னும் மூணு வருசம் இருக்குதுக்கா" என்றாள் திவ்யா.

"மெதுவா படிச்சுட்டு வாங்க. வீடு நிக்கும்."