கார்த்திகையில் எடுத்த ஸ்கேன்

“மேடம், ஆடுது.”

ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் இப்படிச் சொன்னதும் நான் ஓர் அடி முன்னால் வந்தேன். முழங்கால் மாற்று அறுவை சிகிச்சைக்கு வருகிறவரின் சிடி ஸ்கேனைப் பார்த்து, அவர் எலும்புக்கு மட்டுமே பொருந்துகிற நைலான் அச்சு செய்து கொடுப்பது எங்கள் வேலை. கைடு என்போம். எலும்பின் மேடு பள்ளத்தில் அது சிக்கென்று உட்கார வேண்டும். அதிலுள்ள பிளவின் வழியாகத்தான் ரம்பம் போகும். பட்டறை அவனியாபுரத்தில், ஆஸ்பத்திரி கே.கே. நகரில். பெரும்பாலும் கைடோடு நானும் தியேட்டருக்குப் போய் ஓரமாக நிற்பேன்.

அன்று தொடை எலும்புக் கைடு ஒழுங்காக உட்கார்ந்தது. கீழே, கால் எலும்பில் வைத்த கைடுதான் ஆடியது. கைடோடு அதே ஸ்கேனிலிருந்து ஒரு பிளாஸ்டிக் எலும்பும் அனுப்புவோம். டாக்டர் அதில் வைத்துப் பார்த்தார். அசையவே இல்லை. திரும்ப நிஜ எலும்பில் வைத்தார். ஆடியது.

“தப்பு உங்க கைடுல இல்ல. எலும்பு உள்பக்கமா இறங்கிருச்சு” என்றார்.

இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் செல்லக்கண்ணு ஐயா விழித்துத்தான் இருந்தார். திரைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்: “என்ன தாயி, சேரலையா?”

“கொஞ்சம் பொறுங்க ஐயா, டாக்டர் பாக்குறாரு” என்றேன்.

அவர் உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி. மாசி சிவராத்திரிக்குக் குலசாமியின் நகையும் பட்டும் வைத்த சாமிப்பெட்டியைத் தலையில் சுமந்து, செருப்பில்லாமல் கோயில்வரைக்கும் நடப்பது அவர் வீட்டு உரிமை. முழங்கால் தேய்ந்து, கால் வில்லாக வளைந்த பிறகும் விடவில்லை. கார்த்திகையில் ஸ்கேனுக்கு வந்தபோது பேச்செல்லாம் அதுதான். மார்கழியில் ஆபரேஷன் என்று ஏற்பாடு. அந்த மாசிக்கு மட்டும் பங்காளி வீட்டுத் தம்பி தூக்குவார். அடுத்த மாசிக்கு இவர். டாக்டரும், “ஒரு வருசம் போகட்டும், மெதுவா தூக்கலாம்” என்று தலையாட்டியிருந்தார்.

கைடு தயாரானது. அட்மிஷன் ஆக வேண்டிய காலையில் அவரிடமிருந்து எனக்குப் போன் வந்தது.

“தாயி, நான் வரல. டாக்டருட்ட நீயே சொல்லிரு.”

“ஏன் ஐயா? எல்லாம் ரெடியா இருக்கே!”

“எந்தம்பிக்காரன் நேத்துக் கூட்டத்துல சொல்லிட்டான். ஒரு தடவ கை மாறுனா மாறுனதுதானாம். பெருசுகளும் வாயத் தொறக்கல. இந்த வருசம் நானே தூக்கிர்றேன். பங்குனியில வாரேன்.”

“அந்தக் கால வச்சுக்கிட்டு அம்புட்டுத் தூரம் சுமையோட நடந்தா எலும்பு நொறுங்கிரும் ஐயா. அப்புறம் இந்தக் கைடு ஆகாது.”

அவர் சிரித்தார். “அதான் படம் எடுத்தாச்சுல்ல? என் மூட்டு உங்கட்டப் பத்திரமாத்தான இருக்கு? நீ மாத்திராம வையி, போதும்.”

பிளாஸ்டிக் எலும்பை ஒரு நாள் அவர் கையில் கொடுத்துக் காட்டியிருந்தோம். தடவித் தடவிப் பார்த்தவர், தன் மூட்டையே எங்களிடம் ஒப்படைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. டாக்டரும் பேசிப் பார்த்தார், அவர் கேட்கவில்லை. மாசியில் பெட்டியைத் தூக்கினார். கீழே இறக்காமல் கோயில்வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார். பங்குனியில் இரண்டு பேர் தாங்கலாகப் பிடித்து ஆஸ்பத்திரிக்குள் கூட்டிவந்தார்கள். எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்து, “புதுசா ஒரு சிடி எடுத்துருவோம்” என்றார் டாக்டர். “எடுத்ததையே எடுப்பாகளா?” என்று ஐயாவுக்கு ஒரே பிடிவாதம். வழக்கமான கருவிகளையும் கிருமி நீக்கித் தயாராக வைத்துக்கொண்டுதான் டாக்டர் கத்தியை எடுத்தார்.

கைடு ஆடியபோது அந்த முன்னேற்பாடுதான் காப்பாற்றியது. எங்கள் கைடை ஓரமாக வைத்துவிட்டு, பழைய முறையில் கம்பி வைத்து அளந்து வெட்டினார். நொறுங்கிய இடத்துக்கு உலோகத் துண்டு, அதைத் தாங்க நீளத் தண்டு. கால் நேரானது. ஆனால் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: ஆயுசுக்கும் தலையில் சுமை கூடாது.

அவர்மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது. அப்புறம் கோபம் போய் வருத்தம் மட்டும் தங்கிவிட்டது. ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் எலும்பைச் செதுக்குகிற நாங்கள், அந்தக் கூட்டத்தில் ஒரு வார்த்தை பேச முடியாதவர்கள். இப்போது ஸ்கேனுக்கு யார் வந்தாலும், “ஊர்ல, வீட்ல அடுத்து என்ன விசேஷம்?” என்று கேட்டுவிட்டுத்தான் தேதி கொடுக்கச் சொல்கிறேன். விசேஷம் முடியட்டும், பிறகு படம் எடுப்போம். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அடுத்த மாசியில் ஐயா செக்கப்புக்கு வந்தார். வராந்தாவில் நடக்கவிட்டுப் பார்த்த டாக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்குத்தான் உறைத்தது.

“ஐயா, இன்னிக்குச் சிவராத்திரியாச்சே? நாளைக்கு வந்திருக்கலாம்ல?”

“ஊருல இருந்தா வாசல்ல நின்னு பாக்கணுமே தாயி. எந்தம்பி மத்தியானத்துக்கு மேல பெட்டியத் தூக்கிட்டு நம்ம வாசலத் தாண்டித்தான் போவான்.”

பரிசோதனை எல்லாம் காலையிலேயே முடிந்துவிட்டது. அவர் சாயங்காலம்வரைக்கும் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை.