அகட்டி நின்ற கார்

என் தம்பி பொன்னுராஜைப் பற்றி ராஜபாளையத்தில் யாரிடம் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். குடிக்க மாட்டான், சீட்டாட மாட்டான், பெண்டாட்டியைக் கை நீட்டி அடித்ததில்லை. இதில் எதையும் செய்யாமலே ஒருத்தன் ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுக்க முடியும் என்பதை, கூடப் பிறந்த பாவத்துக்கு, நான் கண்ணால் பார்த்தேன்.

சின்ன வயதிலேயே அவனுக்கு அந்தப் பகட்டு நோய் உண்டு. இருந்தது ஒரே ஒரு நல்ல சட்டை. செம்பில் கங்கு போட்டு அதைத் தேய்த்துவிட்டு, கசங்கிவிடும் என்று சாப்பிடும்போது கூடக் குனிய மாட்டான். சோறுதான் வாய்க்கு ஏறி வர வேண்டும். கல்யாணத்தன்று சட்டைப் பையில் பேனா குத்திக்கொண்டு வந்து நின்றான். மாலை பேனாவை மறைக்கிறது என்று அதை ஒதுக்கி ஒதுக்கி விட்டதில் போட்டோக்காரருக்குச் சலித்துப்போயிற்று. கையெழுத்துப் போடவே எழுத்துக் கூட்டுகிறவனுக்குப் பேனா எதற்கு என்று அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். அவன் மனைவி செல்லக்கனியும் சிரித்தாள், பாவம்.

லாரியில் கிளீனராக இருந்து, டிரைவராகி, தொண்ணூற்று ஒன்றில் சொந்தமாக ஒரு வெள்ளை அம்பாசிடர் வாங்கினான். பழைய வண்டிதான். செல்லக்கனிக்கு அவள் அம்மா தேவதானத்தில் விட்டுப்போன துண்டு வயலை விற்று வாங்கியது. செல்லக்கனி வயலையும் கொடுத்துவிட்டு, பேண்டேஜ் துணி நெய்கிற தறி ஷெட்டுக்கும் போய்க்கொண்டிருந்தாள். ஷெட்டில் பஞ்சுத் தூசி மூடுபனியாகப் பறக்கும். சாயங்காலம் அவள் வீட்டுக்கு வரும்போது புருவம் வெள்ளையாக இருக்கும். இரண்டு வருடத்தில் இருமல் பிடித்தது. "பஞ்சு நெஞ்சுல படிஞ்சிருக்கு. அந்த வேலையை விட்டாத்தான் மருந்து கேக்கும்" என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார்.

விடலாம்தான். ஆனால் காரின் வருமானம் ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது. அடுப்பு எரிந்தது அவள் கூலியில்தான்.

தொண்ணூற்று நாலில் ஒரு வழி பிறந்தது. எங்கள் தெருவில் இருந்த அருள்செல்வி டீச்சரும் இன்னும் சிலரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தார்கள். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் அலுத்து, மாத வாடகைக்கு ஒரு கார் வைத்துக்கொள்ளத் தீர்மானித்தார்கள். டீச்சரே வீடு தேடி வந்து சொன்னார். பூஜை விடுமுறை முடிந்து, திங்கட்கிழமை முதல் பொன்னுராஜ் கார். அந்த வாடகை வந்தால் செல்லக்கனி தறியை விட்டுவிடலாம். அவள் அன்றைக்கே ஷெட் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டாள். மேஸ்திரியும் அவள் தறிக்கு வேறொரு பெண்ணைப் பிடித்துப் போட்டுவிட்டார்.

"மதினி, இனிமே பகல்ல வெளிச்சத்தப் பாப்பேன்" என்று என்னிடம் சொன்னாள். அப்போதும் இருமிக்கொண்டேதான் சொன்னாள்.

இந்த நேரத்தில்தான் என் தம்பி ஒரு கல்யாண வீட்டு வாசலில் யாரோ பணக்காரரின் காரைப் பார்த்துத் தொலைத்தான். அதன் சக்கரங்கள் மட்கார்டை விட்டு வெளியே தள்ளி, கால் அகட்டி நின்றிருந்தனவாம். விசாரித்ததில், சக்கரத்துக்கும் அது மாட்டுகிற ஹப்புக்கும் நடுவில் தடியாக ஒரு இரும்பு வட்டைக் கொடுத்தால் சக்கரம் வெளியே வரும், அதற்கு ஸ்பேசர் என்று பேர் என்று சொன்னார்களாம். அன்றிலிருந்து சொந்தக் கார் அவனுக்குப் பிடிக்கவில்லை.

"நம்ம வண்டியப் பாருக்கா. மூத்திரம் முட்டுன கெழவன் மாதிரி காலை ஒடுக்கிக்கிட்டு நிக்கி."

"ஏலே, அது ஓடுதா இல்லையா? ஓடுறதுக்குத்தான் காரு. நிக்கிற அழகுக்குத் தேரு இருக்கு, போய்ப் பாரு" என்றேன். எருமை மாட்டில் மழை பெய்த மாதிரிதான்.

லேத்துப் பட்டறையில் சொல்லி நான்கு வட்டு கடைந்து வாங்கினான். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மெக்கானிக் நேசையன் அதை மாட்டினான். வட்டின் கனம் போக, நட்டு ஏறுவதற்குப் போல்ட்டில் மிச்சம் இருந்த மரை கொஞ்சம்தான். நீளமான போல்ட் போட வேண்டும், அது மதுரையிலிருந்து வர வேண்டும் என்று நேசையனுக்குத் தெரியும். தெரிந்துதான் மாட்டினான். "கொஞ்ச தூரம் ஓட்டிட்டு நட்டை எல்லாம் மறுபடியும் ஏத்திருங்கண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டான். தொழில் தெரிந்தவன் லட்சணம் இது. இவனைப் பற்றி மேற்கொண்டு பேச எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் பூஜை. எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜைக்கு வைத்த கருவியை மறுநாள் காலையில்தான் எடுப்பார்கள். அது வரைக்கும் தொடக் கூடாது. பூஜை போட்ட வண்டியை மட்டும் ஓட்டலாம். என் தையல் மெஷினும் கத்தரிக்கோலும் கூடப் பொட்டு வைத்துக்கொண்டு சும்மாதான் இருந்தன. ஆனால் கத்தரிக்கோல் ஓடுகிற ஓட்டத்தில் கழன்று யாரையும் குப்புறத் தள்ளாது. பொன்னுராஜ் விடிந்ததும் விடியாததுமாக ஜாக்கியையும் வீல் ஸ்பேனரையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வாழை இலையில் சாத்திவிட்டான். நட்டை மறுபடி ஏற்ற வேண்டும் என்பது அவனுக்கு ஞாபகமே இல்லை. ஞாபகம் எல்லாம் மாலை எந்தப் பக்கம் தொங்க வேண்டும் என்பதில் இருந்தது.

கார் ஸ்டாண்டில் எல்லா வண்டியையும் வரிசையாக நிறுத்தி, வாழைக்கன்று கட்டிப் பூஜை போட்டார்கள். டிரைவர்கள் இவன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். "யண்ணே, வண்டி சிங்கம் மாதிரி நிக்கில்ல!" என்று ஒருத்தன் சொன்னான். அவ்வளவுதான், இவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒய்யாரக் கொண்டையாம் தாழம்பூவாம், உள்ளே இருப்பது ஈரும் பேனும்.

எலுமிச்சம்பழத்தை நசுக்கிக் காரை எடுத்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குப் போகலாம் என்று என்னையும் செல்லக்கனியையும் ஏற்றிக்கொண்டான். சாமி கும்பிடவா போனான்? ரத வீதியைச் சுற்றிக் காரைக் காட்டப் போனான். போகும்போதே முன்பக்கம் இடது சக்கரத்தில் 'டொக் டொக்' என்று சத்தம் வந்தது. கோயில் பக்கம் நிறுத்திப் பார்த்தால் நட்டு விரலால் திருக வருகிறது. ஸ்பேனர் வீட்டில், வாழை இலையில்.

அங்கே கார் ஓட்டுகிற தங்கச்சாமி அவனுக்குப் பழக்கம். அவனிடம் கேட்டோம்.

"பூசையில வச்சிருக்கே மாப்ள. இன்னைக்கு எடுத்தா வருசம் பூரா தொழில் படுத்துரும். காலைல எடுத்துத் தாரேன். வண்டிய இங்கனயே போட்டுட்டு பஸ்ல போங்க."

பக்கத்துப் பஞ்சர் கடையிலும் அதே பதில். சாமான் விற்கிற கடைகளும் பூட்டிக் கிடந்தன. அத்தனை பெரிய ஊரில் அன்றைக்கு ஒரு ஸ்பேனரை எடுத்துத் தர ஒரு கை கூட நீளவில்லை.

"நல்லாத்தானங்க சொல்றாரு. பஸ்ல போயிருவோம். திங்கக்கெழம டீச்சருக்கு வண்டி வேணும்ல" என்றாள் செல்லக்கனி.

அவன் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "சும்மா இரு ஏட்டி. புதுசா ஜோடிச்ச வண்டிய விட்டுட்டு பஸ்ல போயி எறங்குனா ஸ்டாண்டுல ஒருத்தன் மதிப்பானா? கையால முறுக்கிருக்கேன். மெதுவா உருட்டிட்டுப் போயிருவேன்" என்றான்.

"நாங்க பஸ்ல வாரோம்லே" என்றேன் நான். அவன் மூஞ்சி தொங்கிப்போயிற்று. அவன் மூஞ்சி தொங்கினால் செல்லக்கனிக்குப் பொறுக்காது. பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அவளைத் தனியாக விட மனமில்லாமல் நானும் ஏறினேன்.

ஊர் எல்லை தாண்டும் வரை மெதுவாகத்தான் வந்தான். எதிரே ஸ்டாண்டுக் கார் ஒன்று ஹாரன் அடித்து, அதிலிருந்தவர்கள் கையை ஆட்டினார்கள். உடனே இவனுக்கு மிதிக்க வேண்டும். மிதித்தான். சத்தம் திடீரென்று நின்றது. எங்களுக்கு முன்னால் ஒரு சக்கரம் தனியாக ஓடித் தென்னந்தோப்புக்குள் இறங்குவதைப் பார்த்தேன். அடுத்த நொடி கார் இடது பக்கம் குத்தி, தார் ரோட்டைக் கிழித்துக்கொண்டு போய் ஒரு கல்லில் மோதி நின்றது. செல்லக்கனியின் வாய் முன் சீட்டுக் கம்பியில் அடித்து உதடு கிழிந்தது. நல்ல வெளிச்சம். பஸ்ஸில் போனவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கி, ரத்தத்தோடு கேட்ட முதல் கேள்வி, "திங்கக்கெழமைக்குள்ள சரியாயிருமா?" என்பது. அவனோ நசுங்கிய மட்கார்டைத் தடவிக்கொண்டிருந்தான்.

சரியாகவில்லை. சக்கரம் மாட்டும் போல்ட் எல்லாம் முறிந்து, அடிப்பாகம் வளைந்திருந்தது. அருள்செல்வி டீச்சர் ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து நேராக வந்தார். செல்லக்கனியின் உதட்டைப் பார்த்துக் கண் கலங்கினார். "எங்க வீட்டுக்காரங்க பயப்படுறாங்கம்மா. வேற வண்டி பேசிட்டோம்" என்றார். அவர் மேல் தப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திங்கட்கிழமை செல்லக்கனி ஷெட்டுக்குப் போய் மேஸ்திரி முன்னால் நின்றாள். அவள் தறியை வேறொரு பெண் ஓட்டிக்கொண்டிருந்தாள். கழிவுப் பஞ்சு பிரிக்கிற அறையில்தான் இடம் இருந்தது. ஜன்னல் இல்லாத அறை. தறிப் பக்கம் இருப்பதைப் போல இரண்டு மடங்கு தூசி. சரி என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் அவர்கள் வீட்டுப் பக்கம் போனேன். கார் ஒருவழியாகப் பட்டறையிலிருந்து வந்திருந்தது. ஸ்பேசரை எடுத்துவிட்டு, சக்கரங்களைப் பழையபடி மாட்டியிருந்தார்கள். பொன்னுராஜ் அதன் முன்னால் குத்தவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையை விட்டு அளந்துகொண்டிருந்தான். செல்லக்கனி தூக்குச்சட்டியோடு வெளியே வந்தாள். மூக்கையும் வாயையும் சேர்த்துத் துண்டால் கட்டியிருந்தாள். படியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு இருமினாள். நிற்காத இருமல். நான் ஓடிப்போய் முதுகைத் தடவினேன்.

அவன் திரும்பாமலே கூப்பிட்டான்.

"எக்கா, இங்க வந்து பாரேன். எம்புட்டு உள்ள போயிட்டு பாரு சக்கரம். பாக்க என்னமோ மாதிரி இருக்கில்ல?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையில் எது கிடைத்திருந்தாலும் அவன் தலையில் போட்டிருப்பேன். செல்லக்கனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இருமல் அடங்கும் வரை நின்றுவிட்டு, துண்டை இறக்கி வாயைத் துடைத்தாள். துண்டில் சிவப்பாக இருந்தது. அதை மடித்து, சிவப்பு உள்ளே போகும்படி மறுபடி கட்டிக்கொண்டாள்.

"அவியகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க மதினி" என்றாள். "எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சு."